பெட்டிக்குப் பத்துக் காசு

கொழுந்தன் விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு வந்த அன்றே அண்ணிக்கு அவன்மேல் மிச்சமிருந்த கொஞ்ச மரியாதையும் போய்விட்டது. கேக் வைத்துக் கொடுக்கிற அட்டைப் பெட்டி செய்யும் பட்டறை அது. ஒரு தகர ஷெட், ஒரு பஞ்சிங் மெஷின், ஒட்டுவதற்கு ஒரு நீள மேசை, அதன் முன்னால் மூன்று பெண்கள். அவ்வளவுக்கும் சேர்த்து 'மேனேஜிங் டைரக்டர்' என்று தங்க எழுத்தில் ஒரு கார்டு. இந்தக் கார்டு அடித்த செலவை எந்தக் கணக்கில் எழுதினீர்கள் என்று அவள் கேட்டாள். அதெல்லாம் முதலீடு என்று அவன் சொன்னான். அன்றிலிருந்து வீட்டிலும் பட்டறையிலும் அவனுக்கு எம்.டி. என்றே பெயராகிவிட்டது. அவன் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டான். அண்ணி அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் உதடு எப்படிக் கோணுகிறது என்று அவன் கவனித்ததே இல்லை.

அப்போது அவள் பட்டறைப் பக்கம் வருகிறவள் இல்லை. ஒரு செருப்புக் கம்பெனியில், அடக்க விலை போடுகிற பிரிவில் பத்தொன்பது வருடமாகக் குமாஸ்தா. ஒரு ஜோடி ஷூவுக்கு எவ்வளவு பசை, லேஸ் நுனியில் மாட்டுகிற சின்னக் குழாய்க்கு என்ன விலை, தோலை வெட்டும்போது ஓரத்தில் எவ்வளவு வீணாகிறது என்று எழுதி எழுதி, உலகத்தில் எதைப் பார்த்தாலும் அதன் அடக்க விலை அவள் கண்ணில் பட ஆரம்பித்திருந்தது. பக்கத்து வீட்டில் புது சோபா வாங்கினால், உட்காருவதற்கு முன்பே அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, நன்றாக ஏமாற்றிவிட்டான் என்று சொல்லிவிடுவாள். அதனால் அவளை யாரும் அதிகம் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. 'சுமாரா இவ்வளவு இருக்கும்' என்று பேசுகிறவர்களோடு உட்கார்ந்து டீ குடிப்பது அவளைப் பொறுத்தவரை தண்டச் செலவு.

பட்டறை மாமனார் ஆரம்பித்தது. இடமும் அவர் வாங்கிப் போட்டதுதான். அவர் போன பிறகு அண்ணனும் தம்பியும் நடத்தினார்கள். அண்ணன், அதாவது அவள் கணவர், மெஷின் பக்கம். காலையில் போய் நின்றால் பொழுது சாயும் வரை அச்சடித்த அட்டையை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, அச்சுக்கத்தி அழுந்தி வெட்டியதும் வெளியே இழுத்துக்கொண்டு இருப்பார். பேசுவது குறைவு. பேச வேண்டியதை எல்லாம் தம்பி பேசிவிடுவான். ஆர்டர் பிடிப்பது, அட்டை வாங்குவது, பணம் வசூலிப்பது எல்லாம் தம்பி. அவனிடம் வாய் இருந்தது. மூன்று கிளை வைத்திருக்கிற பெரிய பேக்கரிக்காரரையே அந்த வாயால் மடக்கிக் கொண்டுவந்தான் என்று குடும்பத்தில் பேச்சு. பட்டறையில் அவரை 'மூணு கடைக்காரர்' என்பார்கள்.

செருப்புக் கம்பெனியை ஒரே வாரத்தில் இழுத்து மூடினார்கள். கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பினார்கள். அது இரண்டு மாதம் ஓடியது. மூன்றாவது மாதம், வீட்டுச் செலவுக்குப் பட்டறையிலிருந்து நம் பங்கு எவ்வளவு வருகிறது என்று கணவரிடம் கேட்டாள். அதுவரை அவள் கேட்டதில்லை. தன் சம்பளம் வந்துகொண்டிருந்தது, வீடு நடந்துகொண்டிருந்தது.

"பங்கா?" என்று அவர் யோசித்தார். "தேவைப்பட்டா தம்பிகிட்ட கேட்டு வாங்கிக்குவேன்."

"எவ்வளவு வாங்கியிருக்கீங்க?"

"போன வருஷம் கண்ணாடி மாத்தினேன்ல, அதுக்கு வாங்கினேன்."

அண்ணி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அவளுக்கு அப்போது அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த எரிச்சல்தான் அதிகம். ஊரார் சோபாவின் அடியைத் தடவிப் பார்த்தவள், தன் வீட்டு ஆள் பத்தொன்பது வருடமாகச் சம்பளமில்லாமல் மெஷின் ஓட்டுவதைப் பார்க்கவில்லை. அவள் செருப்புக் கம்பெனியில் வாங்கிய சம்பளத்தில் சாப்பிட்டுவிட்டு அவர் பட்டறைக்குப் போய் இலவசமாக உழைத்திருக்கிறார். அந்தப் பட்டறைக்குப் படியளந்தவள் தான்தான் என்று அவளுக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. அதுவும் வேலை போன பிறகு.

மறுநாள் காலை ஒரு நோட்டும் கால்குலேட்டரும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

எம்.டி. அவளை வரவேற்று, சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினான். மாதாமாதம் விற்பனை எவ்வளவு என்று கோடு போட்டிருந்தான். கோடு சிவப்பாக மேலே ஏறிக்கொண்டே போனது. அதன் நுனியில் ஓர் அம்புக்குறி. அம்புக்குறிக்கு மேலே இடம் இல்லாததால் இன்னொரு தாளை ஒட்டி நீட்டியிருந்தான். இவ்வளவு விற்றும் வீட்டுக்குக் கொடுக்க ஏன் காசில்லை என்று அவள் கேட்டாள். இந்த மாதம் கொஞ்சம் இறுக்கம் என்றான். போன மாதம்? அதுவும் இறுக்கம்தான். பெட்டிக்கு என்ன அடக்கம் என்று கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. இது அவனுக்கு மனப்பாடம்.

"அட்டை அம்பது காசு, பிரிண்டிங் பன்னெண்டு, பசை ரெண்டு. ஆக அறுபத்திநாலு. மூணு கடைக்காரருக்கு எழுபத்தெட்டு காசுக்குக் கொடுக்கறோம். பெட்டிக்குப் பதினாலு காசு லாபம் அண்ணி. மாசம் இருபதாயிரம் பெட்டி. நீங்களே பெருக்கிப் பாருங்க."

அவள் பெருக்கவில்லை. ஒட்டுகிற பெண்களைக் காட்டி, "இவங்க சம்பளம்?" என்றாள்.

"அது மாசச் செலவு. பெட்டிச் செலவு இல்ல."

"கரண்ட்?"

"அது பில்லு வரும்போது கட்டறது."

செருப்புக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்து மூன்று நாள் ஆன பயிற்சிப் பிள்ளைகூட இப்படிப் பேசாது. அண்ணி நோட்டில் ஒன்றும் எழுதாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அவன் வியப்பு என்று எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அடுத்த விஷயத்துக்குப் போனான். லாபம் வந்திருக்க வேண்டும், ஆனால் கையில் இல்லை, ஆகவே யாரோ எடுக்கிறார்கள். அதற்கும் அவனிடம் கணக்கு இருந்தது. போன மாதம் வாங்கிய அட்டை ஆறாயிரத்து அறுநூற்று எழுபது. ஓர் அட்டைக்கு நாலு பெட்டி. இருபத்தாறாயிரத்து அறுநூற்று எண்பது பெட்டி வந்திருக்க வேண்டும். வெளியே போனதோ மூணு கடைக்காரருக்கு இருபதாயிரம், சில்லறையாக நாலாயிரம். மீதி இரண்டாயிரத்து அறுநூற்று எண்பது பெட்டி எங்கே?

அண்ணிக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அட்டையாக உள்ளே வந்ததெல்லாம் பெட்டியாக வெளியே போகிற பட்டறை எங்கும் இல்லை. அச்சில் கோணும், மெஷினில் கிழியும். தோலிலும் அப்படித்தான், அட்டையிலும் அப்படித்தான். ஆனால் எவ்வளவு என்று அளந்து பார்க்காமல் வாயைத் திறக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அளந்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிட்டாள்.

எம்.டி.க்கு அவ்வளவு பொறுமை இல்லை. கேட்க ஆள் கிடைத்த உற்சாகத்தில், மறுநாளே வேலை முடிகிற நேரத்தில் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். ஒட்டுகிற பெண்களில் மூத்தவளைப் பசையக்கா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக அங்கே வேலை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெட்டியை மடித்து ஒட்டி அடுக்கிவிடுவாள். சில்லறையாகக் கேக் செய்து விற்கிற பெண்கள் பலர் அவள் சொல்லித்தான் பட்டறைக்கு வந்தவர்கள். அது போதும், எம்.டி. முடிச்சுப் போட்டுவிட்டான். பெட்டியை இவள்தான் எடுத்துப்போய் அவர்களுக்குத் தனியாக விற்கிறாள்.

"பையைத் திறந்து கொட்டுங்கக்கா" என்றான்.

பசையக்கா முதலில் அவனைப் பார்த்தாள். பிறகு மெஷின் பக்கம் நின்ற பெரியவரை, எம்.டி.யின் அண்ணனைப் பார்த்தாள். அவர் கை அட்டையோடு நின்றது, மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் மூலையில் நோட்டோடு உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தாள். அண்ணி குனிந்து எதையோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று பின்னால் அவளுக்கே நினைவில்லை.

பையிலிருந்து ஒரு சீப்பு, காலி டிபன் டப்பா, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, நாலாக மடித்த பிளாஸ்டிக் கவர் விழுந்தன. பெட்டி எதுவும் இல்லை. இன்றைக்கு எடுக்கவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம் என்றான் எம்.டி. பசையக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கையில் காய்ந்திருந்த பசையைக் குழாயடியில் கழுவிவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. அவளோடு இன்னொருத்தியும் வரவில்லை. மூன்றாவது பெண் மட்டும் வந்து தலை நிமிராமல் ஒட்டினாள்.

அதன் பிறகு மூன்று நாள் அண்ணி மெஷின் பக்கத்திலேயே இரண்டு கோணிப்பையை வைத்துக்கொண்டு நின்றாள். அச்சில் கோணி வந்த அட்டையை ஒன்றில் போட்டாள், மெஷினில் மூலை கிழிந்ததை இன்னொன்றில். நூறு அட்டைக்கு ஆறு அச்சில் போனது, நாலு மெஷினில் போனது. நூற்றில் பத்து பெட்டியாகவே ஆகவில்லை. எம்.டி. தேடிக்கொண்டிருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பெட்டியும் அந்தக் கோணிப்பைகளில்தான் இருந்தது. நிறைந்த பையை என்ன செய்வீர்கள் என்று கணவரிடம் கேட்டாள்.

"கட்டி வெச்சிடுவேன். சனிக்கிழமை தம்பி பழைய பேப்பர்காரர்கிட்ட கொண்டுபோய்ப் போட்டுட்டு வருவான்."

"அந்தக் காசு?"

"பெட்ரோலுக்கு வெச்சுக்குவான்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. திருடனைத் தேடி ஊரைக் கூட்டியவன், வாராவாரம் அந்தத் திருட்டுச் சாமானைத் தானே வண்டியில் கட்டிக்கொண்டு போய் விற்று, அந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

அண்ணனையும் தம்பியையும் மேசைக்கு வரச் சொல்லி, கோணி வந்த ஓர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். நூற்றுக்குப் பத்து வீணானால் அந்த அட்டைக்கும் அச்சுக்கும் கொடுத்த காசு மற்றப் பெட்டிகளின் தலையில் ஏறும், ஆக ஐம்பதும் பன்னிரண்டும் சேர்ந்த அறுபத்திரண்டு, அறுபத்தொன்பது ஆகும். பசை இரண்டு. ஒட்டுக்கூலி எட்டு. கரண்ட் மூன்று. அச்சுக்கத்தி தீட்ட இரண்டு. வேன் நாலு. எண்பத்தெட்டு. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, இந்த இடத்தை வாடகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய காசு பெட்டிக்கு நாலு என்றும், பெரியவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய சம்பளம் ஆறு என்றும் சேர்த்தாள். தொண்ணூற்றெட்டு.

எம்.டி. வாடகையைப் பிடித்துக்கொண்டான். அப்பா இடத்துக்கு யாராவது வாடகை போடுவார்களா, அண்ணனுக்குச் சம்பளமா, இதெல்லாம் கம்பெனிக்காரர்கள் பேச்சு என்றான்.

"சரி, அந்தப் பத்தையும் விட்டுடுங்க தம்பி. உங்க அண்ணன் சும்மாவே உழைக்கட்டும். அப்பவும் எண்பத்தெட்டு. எழுபத்தெட்டுக்கு விக்கறீங்க."

"அளவு கூடினா சரியாயிடும் அண்ணி. அவர்கிட்ட இன்னும் பத்தாயிரம் பெட்டிக்குப் பேசிட்டிருக்கேன்."

அண்ணி பேனாவை மூடினாள். "பெட்டிக்குப் பத்துக் காசை உள்ள வெச்சு மூடி, வேன்ல ஏத்தி, அவர் வாசல்ல இறக்கிட்டு வர்றீங்க. மாசம் இருபதாயிரம் தடவை. இன்னும் பத்தாயிரம் தடவை செய்யணுமா?"

அவன் சுவரில் இருந்த சிவப்புக் கோட்டைக் காட்டி, இதெல்லாம் பொய்யா என்று கேட்டான். விற்றது பொய்யில்லை, விற்றதில் என்ன மிஞ்சியது என்பதற்கு அங்கே கோடே இல்லை என்றாள் அவள். கணவர் அந்த அட்டையைக் கையில் எடுத்து, ஆறு என்று எழுதியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விலையை நூற்றைந்து என்று ஏற்றி மூணு கடைக்காரரைப் பார்க்க அவளே போனாள். எம்.டி. கூட வர மறுத்துவிட்டான். குளிரூட்டிய சின்ன அறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடுப்புகள். அவர் அவள் எழுதிக்கொண்டுபோன தாளை வாங்கி, மேலிருந்து கீழே ஒரே பார்வையில் படித்தார். பிறகு சிரித்தார்.

"எனக்கு முதல் மாசமே தெரியும்மா. இந்த விலைக்கு யாராலயும் செய்ய முடியாது. அவரா வந்து செய்யறேன்னார். நான் எதுக்கு வேண்டாங்கணும்?"

நூற்றைந்து கொடுக்க முடியாது, வேறு ஆள் வருவார்கள் என்று மரியாதையாகவே சொல்லி, டீ கொடுத்து அனுப்பினார். அண்ணிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இந்த விவகாரம் முழுவதிலும் தன்னைத் தவிரக் கணக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவரிடம் ஒரு மதிப்பே வந்தது, அது அவளுக்குப் பிடிக்கவும் இல்லை.

பெரிய ஆர்டர் கைவிட்டுப் போனதும் பட்டறை வெறிச்சோடியது. குடும்பத்தையே அண்ணி தெருவில் நிறுத்திவிட்டாள் என்று எம்.டி. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டான். ஒரு வாரம் கழித்து, தான் தனியாகப் போவதாகச் சொன்னான். புது மெஷின் ஒன்றைக் கடனில் எடுத்து, மூணு கடைக்காரருக்கு எழுபத்தைந்து காசுக்கே செய்து தருவதாகப் பேசி முடித்திருந்தான். மூன்று காசு குறைத்தா என்று அவள் கேட்டாள். புது மெஷின் வேகம் அதிகம் என்றான். வேகமாக நஷ்டப்படலாம் என்று அவள் சொன்னாள். அவன் சுவர்ப்படத்தைக் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான்.

மிஞ்சியது சில்லறை. வீட்டில் கேக் செய்து விற்கிற பெண்கள், இரண்டு சின்ன டீக்கடைக்காரர்கள். ஐம்பது பெட்டி வேண்டும், நூறு பெட்டி வேண்டும் என்று வாசலில் வந்து நிற்பார்கள். இதில் ஜன்னல் வைத்துத் தர முடியுமா, அதில் ரோஸ் கலர் இருக்கிறதா என்று மணிக்கணக்கில் யோசிப்பார்கள். எம்.டி. அவர்களை மதித்ததே இல்லை. உண்மையைச் சொன்னால் அண்ணியும் மதிக்கவில்லை. பெட்டியின் நிறத்துக்கு அரை மணி நேரம் செலவழிக்கிறவர்களின் நேரத்துக்கு விலையே கிடையாதா என்று முகத்துக்கு நேராகவே ஒருத்தியிடம் கேட்டிருக்கிறாள். ஆனால் அவள் கணக்கு அவளையே மடக்கியது. அவர்கள் கொடுத்த விலை நூற்றிருபது. கையோடு காசு. பெட்டியையும் அவர்களே தூக்கிக்கொண்டு போனார்கள், வேன் செலவு கிடையாது. இத்தனை வருடமாக மூணு கடைக்காரருக்குப் பத்துப் பத்துக் காசாக அள்ளிக் கொடுத்ததில் பெரும்பங்கு இந்தப் பெண்கள் கொடுத்ததுதான். அவர்கள் உட்கார ஒரு நாற்காலிகூட அங்கே இல்லை. அண்ணி இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டாள். வாங்கியதைச் செலவில் எழுதினாள். முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ளப் பழகினாள், அது ஓரளவுக்குத்தான் வந்தது.

மூன்றாவது மாத முடிவில் சில்லறை நாலாயிரத்திலிருந்து ஆறாயிரமானது. விற்பனை பழையதில் பாதிகூட இல்லை. ஆனால் அட்டைக்காரருக்கும் அச்சுக்காரருக்கும் கொடுத்துவிட்டு, ஒட்டுகிற பெண்ணின் சம்பளத்தையும் கொடுத்த பிறகு, கல்லாப்பெட்டியில் பணம் இருந்தது. அதை ஒரு கவரில் போட்டுக் கணவரிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, இதை என்ன செய்வது என்று கேட்டார். அது உங்கள் சம்பளம், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள். இதை லாபம் என்று சொல்ல அவள் இன்னும் தயாராக இல்லை. கூலி போக, வாடகை போக மிஞ்சினால்தான் அவள் அகராதியில் அதற்கு அந்தப் பெயர்.

ஆர்டர் ஏற ஏற ஒட்ட ஆள் போதவில்லை. அப்போதுதான் பசையக்காவைப் பார்க்கப் போனாள். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரே அறை. இரும்புப் படி. பசையக்கா அவளை உள்ளே கூப்பிட்டு, கட்டிலில் இருந்த துணியை ஒதுக்கி உட்கார வைத்தாள். இப்போது ஒரு மருந்து டப்பா கம்பெனியில் வேலை, கையில் உறை போட்டுக்கொண்டு செய்கிற வேலை என்றாள். நகக்கண்ணில் பசை இல்லாமல் அவள் விரல்கள் யாருடையதோ போல இருந்தன.

கணக்கெல்லாம் பார்த்தாகிவிட்டது, பெட்டி எதுவும் காணாமல் போகவில்லை, எல்லாம் கழிவில் போனதுதான் என்று அண்ணி சொன்னாள். இப்போது பட்டறைக்குத் தானே பொறுப்பு, சம்பளம் கூட்டிக் கொடுக்க முடியும், திரும்பி வந்துவிட வேண்டும் என்றும் சொன்னாள்.

பசையக்கா பொறுமையாகக் கேட்டாள். "கணக்குப் பார்த்த அப்புறம் வந்திருக்கீங்க" என்றாள்.

"ஆமாக்கா."

"ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு அவர் பையைக் கொட்டச் சொன்னாரே, அப்பவே உங்களுக்குத் தெரியும்ல, நான் எடுக்கலைன்னு?"

அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. "தெரியும்."

"எம்.டி.க்குத் தெரியாது. நிஜமாவே நான் திருடிட்டேன்னு நினைச்சார். உங்களுக்குத் தெரிஞ்சும் குனிஞ்சுட்டீங்க."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். சுமார் என்று பேசுகிற மனிதர்களை அண்ணி எந்தக் கண்ணால் பார்ப்பாளோ அதே கண்ணால் பசையக்கா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம் அந்தப் பார்வையைப் பிறர்மேல் வீசியவளுக்கு, அதன் எதிரில் எப்படி உட்காருவது என்று தெரியவில்லை. எழுந்துகொண்டாள். வாசல் வரை வந்து, மூன்றாவது படி ஆடும், பார்த்து இறங்குங்கள் என்று பசையக்கா சொன்னாள். அவ்வளவுதான். வேலைக்குத் திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை, வேலை ஆரம்பிக்கும் முன், அண்ணி மேசை முன்னால் நின்றாள். பழைய பெண் ஒருத்தியும் புதிதாக வந்த இரண்டு பேரும் இருந்தார்கள், மெஷின் பக்கம் கணவர். பசையக்கா எதையும் எடுக்கவில்லை, அது தனக்கு அன்றைக்கே தெரியும், சொல்லாமல் இருந்தது தன் தப்பு என்று சொன்னாள். புதியவர்களுக்கு அது யார் என்றே தெரியாது. கணவர் மெஷினை நிறுத்திவிட்டு, "நானும்தான்" என்றார். அந்தப் பழைய பெண் போய்ச் சொல்லியிருக்கிறாள். பசையக்கா 'ம்' என்று மட்டும் சொன்னாளாம்.

எம்.டி.யின் புது மெஷின் பதினாலு மாதம் ஓடியது. பதினைந்தாவது மாதம் கடன் கொடுத்தவர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் ஆள் விழுந்தாலும் வாய் விழவில்லை. மூணு கடைக்காரர் அவனைத் தன்னிடமே வேலைக்கு வைத்துக்கொண்டார், பெட்டி, பை, கயிறு எல்லாம் வாங்குகிற வேலை. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, முன்னைவிட நன்றாக உடுத்திக்கொண்டு ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டுக்கொண்டே, பெட்டியை எழுபத்திநாலு காசுக்கு முடித்துவிட்டதாகச் சொன்னான். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, நகையை விற்று மெஷின் போட்டிருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள், பேரம் பேசவே தெரியவில்லை என்றான்.

"அவங்களுக்கு எவ்வளவு அடக்கம் ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா தம்பி?"

"இப்போ தெரியும் அண்ணி. அதுக்காக நான் சொல்ல முடியுமா? நான் வாங்கற பக்கம் இருக்கேன்."

அவனுக்குக் கணக்கு வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு, அந்த ஜோடியின் பட்டறை எங்கே இருக்கிறது என்று கேட்டுவைத்துக்கொண்டாள்.

அடுத்த நாளே போனாள். இரண்டு பேரும் சின்ன வயது. அவன் மெஷினில், அவள் மேசையில். அண்ணி தன் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தாள். கழிவு, கூலி, கரண்ட், கத்தி, வேன் என்று வரிவரியாகச் சொன்னாள். உங்கள் இரண்டு பேருக்கும் சம்பளம் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்ம தொழிலுக்கு நாமே சம்பளமா என்று அந்தப் பெண் சிரித்தாள். பிறகு அந்தப் பையன், நீங்களும் பெட்டிதானே செய்கிறீர்கள், இந்த ஆர்டர் முன்னால் உங்களிடம் இருந்ததாமே என்று மெதுவாகக் கேட்டான். பேக்கரிக்குப் பெட்டி வாங்குகிறவர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் என்றான். அண்ணி ஆமாம் என்றாள். அதற்குமேல் அவர்கள் தாளைப் பார்க்கவில்லை. பணிவாகத்தான் வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

பட்டறைக்குத் திரும்பி வந்து, முட்டாள்களுக்குச் சொல்லப் போனது தண்டச் செலவு என்று கணவரிடம் பொரிந்தாள். அரை நாள் வீண், போய்வந்த செலவு வீண், அவர்கள் காதிலேயே வாங்கவில்லை.

"சொன்னியா?" என்று கேட்டார் அவர்.

"சொன்னேன்."

அவர் தலையாட்டிவிட்டு மெஷினைப் போட்டார். அண்ணி நாற்காலியில் காத்திருந்த பெண்ணிடம் போய், என்ன கலர் என்று கேட்டாள்.